செயலாளர் வீட்டுப் பேத்தி

ஆனி மாதம் முடியப்போகிற நேரத்தில் எங்கள் நத்தக்குளத்தில் அடிக்கிற காற்று சாதாரணக் காற்று இல்லை. கரிசல்காட்டுப் புழுதியை வாரிக்கொண்டு வந்து டீக் கிளாசுக்குள் போட்டுவிட்டுப் போகும். அந்தக் காற்றில் கொடித்தோரணம் கட்டிப் பாருங்கள், அப்போது தெரியும் என் பாடு. நான் மைக்செட்காரன். ஞானம் ரேடியோஸ் என்றால் சாத்தூர் வரைக்கும் தெரியும். வருசா வருசம் ஜூலை பதினைந்து, காமராசர் பிறந்தநாளுக்கு மார்க்கெட் முக்கில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டுகிறவன் நான்தான். கட்டின குழாயைக் காற்று திருப்பிவிட்டு, ஊருக்குப் பேச வேண்டியதையெல்லாம் சுடுகாட்டுக்குப் பேச வைத்த வருசமும் உண்டு.

தவமணி அண்ணாச்சியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவருடைய சேவுக்கடை. கடலைமாவில் பூண்டும் வத்தலும் அரைத்துவிட்டுப் பிசைந்து, ஓட்டைத் தட்டில் வைத்து உள்ளங்கையால் ஒரு தேய் தேய்த்தார் என்றால் சேவு எண்ணெய்க்குள் சரசரவென்று இறங்கும். அறுபது தாண்டிய ஆள். எப்போதும் கதர்ச்சட்டை, மடித்துவிட்ட கையில் எண்ணெய் தெறித்த தழும்புகள். கடைக்குள் சாமி படம் ஒன்றுதான், காமராசர் படம் மூன்று. ஊரில் காமராசர் மன்றம் ஆரம்பித்த நாளிலிருந்து அவர்தான் செயலாளர். தலைவர் மாறுவார், பொருளாளர் மாறுவார், செயலாளர் என்றால் தவமணி அண்ணாச்சி. கல்யாணப் பத்திரிகையில்கூட ஊர்க்காரர்கள் அவர் பேருக்குப் பக்கத்தில் அதைப் போட்டுத்தான் கொடுப்பார்கள்.

மன்றத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஜூலை பதினைந்து அன்றைக்கு எங்கள் ஊர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் அதற்கு ஒரு தங்க மோதிரம். சின்னஞ்சிறு மோதிரந்தான். ஆனாலும் தாம்பாளத்தில் வைத்து மேடையில் ஊருக்குக் காட்டி, கொட்டுமேளத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பிள்ளை விரலில் போட்டுவிட்டு வருவார்கள். பதினான்காம் தேதி வலி வந்த மருமகளிடம், "பல்லக் கடிச்சுக்கோத்தா, விடியட்டும்" என்று சொன்ன மாமியார்மார் எல்லாம் இந்த ஊரில் இருக்கிறார்கள். ஆண்பிள்ளை என்றால் பெரும்பாலும் காமராசு என்றே பேர். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அந்தப் பேரைக் கூப்பிட்டால் பெஞ்சுக்கு ஒருத்தன் எழுந்திரிப்பான்.

மோதிரத்துக்கு ஒரு சட்டமும் உண்டு. மன்றப் பொறுப்பாளர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடையாது. சட்டம் போட்டவர் அண்ணாச்சிதான். "தலைவரு காமராசரு தன் வீட்டுக்குன்னு ஒண்ணும் செஞ்சுக்கிடல. நம்ம வீட்டுப் பிள்ளைக்கு நம்மளே மோதிரம் போட்டுக்கிட்டா அது பிறந்தநாளா, பங்காளி விருந்தா?" என்று கேட்டு எல்லோர் வாயையும் அடைத்துவிட்டார். போன வருசம்கூட, பொருளாளர் பிச்சைமணியின் பேரன் சரியாகப் பதினைந்தாம் தேதி பிறந்தான். அண்ணாச்சி அவர் வீட்டுக்கே போய், சட்டத்தைச் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு வருத்தமும் சொல்லி, ஒரு கிலோ சேவும் கொடுத்துவிட்டு வந்தார்.

அண்ணாச்சிக்கு ஒரே மகள், ஜெயராணி. அவள் பிறந்தது ஜூலை பதினாறு. நடக்கப் பழகின காலத்திலிருந்து மோதிரத் தாம்பாளத்தை மேடைக்குத் தூக்கி வருகிறவள் அவள்தான். இரட்டைச் சடையும் கனகாம்பரமுமாக, மூச்சை அடக்கிக்கொண்டு, மோதிரம் உருண்டுவிடக் கூடாதே என்று கண் இமைக்காமல் நடந்து வருவாள். ஏழெட்டு வயசில் ஒருதடவை மேடைக்குப் பின்னால் என் ஆம்ப்ளிஃபயர் பெட்டிமேல் உட்கார்ந்து, அந்த மோதிரத்தைத் தன் சுண்டுவிரல் நுனியில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நான் ஒரு நா முந்திப் பொறந்துருந்தா எனக்கும் போட்டுருப்பாகல்ல?"

"ஒங்கப்பா செயலாளராச்சே. நீ என்னைக்குப் பொறந்தாலும் ஒனக்குக் கெடையாது" என்று நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மோதிரத்தைக் கழற்றிப் பாவாடையில் துடைத்துத் தாம்பாளத்தில் வைத்தாள்.

அந்த ஜெயராணி கோயில்பட்டியில் வாக்கப்பட்டு, இந்த வருசம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். டாக்டரம்மா மாசக் கடைசி என்று சொல்லியிருந்தார். பதினான்காம் தேதி சாயங்காலம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற சேவுப் பொட்டலத்துக்காக அண்ணாச்சி வீட்டுக் கொல்லையில் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. சீமைக்கருவேல விறகு, போதாக்குறைக்குக் காற்று, தீ ஒரு பக்கமாகவே சாய்ந்து எரிந்தது. அண்ணாச்சி தேய்க்க, அவர் வீட்டுக்காரி செல்லக்கனி மதினி அரித்தெடுக்க, ஜெயராணி முக்காலியில் உட்கார்ந்து பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். வயர் எடுக்க நான் அங்கே போயிருந்தேன்.

"அம்மா" என்று அடிவயிற்றைப் பிடித்தாள் ஜெயராணி.

மதினி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் ஆட்டோ பிடிக்க ஓடினேன். அண்ணாச்சி மட்டும் மாவுக் கையோடு அப்படியே நின்றார். ஆட்டோவில் ஏறும்போது ஜெயராணி அந்த எண்ணெய்க் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நாளைக்குப் பொறந்தா?"

அவர் மறுகையால் ஆட்டோக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குன்னு நான் கேட்டதில்லப்பா. எம்பிள்ளைக்குக் கேக்கிறேன். அந்தத் தாம்பாளத்து மோதிரம்ப்பா."

ஆட்டோ போய்விட்டது. அண்ணாச்சி அடுப்பை அணைத்துவிட்டுப் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

விடிந்து கொஞ்ச நேரத்தில் பெண்பிள்ளை பிறந்தது. நான் மார்க்கெட் முக்கில் ஏணிமேல் நின்று குழாய் கட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து வேகுவேகென்று வந்தார். வந்ததும் வாளியில் தண்ணீர் பிடித்து, காமராசர் சிலையின் தலையில் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தார். மார்பளவு சிமெண்டுச் சிலை. காக்காய் எச்சம் காதோரத்தில் காய்ந்து கிடக்கும், அதை நகத்தால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். அவர் சுரண்டிக்கொண்டிருக்கும்போதே மதினி வந்துவிட்டாள். வந்த வேகத்தில் முந்தானை ஒரு பக்கம் பறக்கிறது.

"கொழுந்தனாரே, ஏணிய விட்டு எறங்குங்க. எறங்கி இந்த அநியாயத்தக் கேளுங்க. நர்ஸு பிள்ளையத் துணியில சுத்திக் கொண்டாந்து, தாத்தா எங்கங்கிறா. இவுக செருப்ப மாட்டிட்டு ஓடியாந்துட்டாக. பெத்த மக அங்க கெடக்கா, பேத்தி மொகத்தப் பாக்கல, இந்தச் சிமெண்டுக்குக் குளிக்க ஊத்த வந்துட்டாக. ஏங்க, கொஞ்சம் லேட்டாக் குளிச்சா அவுக கோவிச்சுக்கிடுவாகளா?"

"நேரமாச்சுல்ல, செல்லக்கனி. பிள்ளைக வந்துரும்."

"எந்தப் பிள்ளைக? ஊரான் பிள்ளைக. ஆஸ்பத்திரியில இன்னைக்கு ஒத்தப் பிள்ளைதான். மத்த கேசெல்லாம் விருதுநகருக்கு அனுப்பிட்டாக. மோதிரம் ஒண்ணு இருக்கு, பிள்ள ஒண்ணு இருக்கு. என்ன சொல்றீக?"

"சட்டம் இருக்கு."

"யாரு போட்டா?"

"நாந்தான்."

"போட்ட கையால எடுங்க."

அவர் சுரண்டுவதை நிறுத்தினார். "எடுத்தா பிச்சைமணி மொகத்துல நான் எப்படி முழிக்கிறது? போன வருசம் அவன் பேரனுக்கு இல்லன்னு அவன் வீட்டு வாசல்ல நின்னு சொன்னவன் நான். எம்பேத்தின்னதும் சட்டம் கரைஞ்சு போயிருச்சா?"

"கடையில ஒண்ணு வாங்கிப் போட்டாப் போச்சுன்னு மட்டும் நெனைக்காதீக. அவ மாமியா வீட்டுல தங்கத்துக்கா பஞ்சம்? பாவாடை கட்டுன நாள்லருந்து ஊரான் பிள்ளைக்கெல்லாம் தூக்கிக் குடுத்தா. ஒரு நாளாவது மொகம் சுளிச்சாளா? ஆறுன காப்பியக் கையில வச்சுக்கிட்டு, அப்பா என்ன சொன்னாக, அப்பா என்ன சொன்னாகன்னு கேக்கிறா. போயி என்னத்தச் சொல்ல?"

மதினி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். அவ்வளவு கோபத்திலும் நேராகப் பந்தலுக்குப் பின்னால் போய்ப் பொங்கல் பானையை அடுப்பில் ஏற்றினாள். அதுதான் செல்லக்கனி மதினி. வாய் பாட்டுக்கு வையும், கை பாட்டுக்கு அரிசி களையும்.

நான் ஏணியை விட்டு இறங்கி, "ஏண்ணாச்சி, பிள்ளைய ஒரு எட்டுப் பாத்துட்டாவது வந்துருக்கலாம்ல?" என்றேன்.

"பாத்துட்டா மனசு மாறிரும் தம்பி. நேரா வந்து மோதிரத்தத் தூக்கிக் குடுத்துருவேன்" என்றார். முகத்தைத் துடைத்தார். சிலைத் தண்ணீரா கண்ணீரா என்று நான் உற்றுப் பார்க்கவில்லை.

கொடியேற்றத்துக்கு முன்னால் மேடைக்குப் பின்னால் பஞ்சாயத்து கூடிவிட்டது. மன்றத் தலைவர் அய்யாத்துரை, பருப்பு மில்காரர், மல்லு வேட்டியில் நடுவாக உட்கார்ந்திருந்தார். பிச்சைமணி பக்கத்தில் நின்றார். செய்தி ஊருக்கே தெரிந்துபோயிருந்தது.

பிச்சைமணிதான் முதலில் பேசினார். "எனக்கு ஒரு வருத்தமும் இல்லண்ணே. குடுத்துருங்க. நம்ம ஜெயராணி பிள்ளை."

"நீ பெரிய மனசுக்காரன், சொல்லுவ. உம்மருமக சொல்லுவாளா?" என்றார் அண்ணாச்சி. பிச்சைமணி தலையைச் சொறிந்தார்.

அய்யாத்துரை தொண்டையைச் செருமினார். "இதுல என்னய்யா சிக்கல் இருக்கு? பொறுப்பாளர் வீட்டுப் பிள்ளைக்குத்தான கெடையாது. ஜெயராணி கட்டிக்குடுத்த பொண்ணு. கோயில்பட்டிக்காரி. அது வேற வீடு, பிள்ளையும் அந்த வீட்டுப் பிள்ளை. சட்டமும் நின்னாச்சு, மோதிரமும் போட்டாச்சு. சோலி முடிஞ்சுது."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும்தான் ஆட்டினேன், நல்ல வழியாகத்தான் எனக்குப் பட்டது. பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த மதினிகூடக் கரண்டியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

அண்ணாச்சிக்கு வந்ததே கோபம்! அவர் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை.

"எம்மகள வேற வீடுன்னு எவன் சொன்னது? கட்டிக்குடுத்துட்டா எம்பிள்ள இல்லன்னு ஆயிருமா? ஒரு மோதிரத்துக்காக அவ என் வீட்டுப் பிள்ள இல்லன்னு நான் ஊரு முன்னால சொல்லணுமா? அது காதுல விழுந்தா அவளுக்கு எப்படி இருக்கும்? மோதிரமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்."

அய்யாத்துரை நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்துவிட்டார். மதினி குனிந்து வெல்லத்தை உடைத்தாள், தேவைக்கு மேலேயே உடைத்தாள். அன்றைக்குப் பொங்கல் திகட்டியதற்கு அதுதான் காரணம்.

விழா வழக்கம்போல ஆரம்பித்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். கொடி ஏறியது, காற்று அதைக் கம்பத்தோடு சுற்றிவிட்டது, ஒருத்தன் கம்பத்தில் ஏறி அவிழ்த்துவிட்டான். ஹெட்மாஸ்டர் மதிய உணவைப் பற்றிப் பேசினார், ஒரு சின்னப் பயல் 'சேவு எப்ப சார்?' என்று கேட்டான். மோதிரத் தாம்பாளத்தை இந்த வருசம் தூக்க ஆள் இல்லாமல் மேசைமேல் வைத்திருந்தார்கள். இந்த வருசம் மோதிரம் இல்லை, அடுத்த வருசத்துக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று அய்யாத்துரை அறிவிப்பதாகப் பேச்சு.

அதற்கு முன்னால் அண்ணாச்சி எழுந்து வந்தார். "தம்பி, மைக்க ஏத்து" என்றார். ஏத்தினேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே" என்று ஆரம்பித்தார். பிறகு அண்ணாச்சி மேடைத் தமிழை விட்டுவிட்டு வீட்டுத் தமிழுக்கு வந்துவிட்டார். "நம்ம தலைவரு முதலமைச்சர் நாற்காலிய வேணாம்னு வச்சிட்டுக் கட்சி வேலைக்குப் போனாரு. அந்தக் கதைய வருசா வருசம் இதே மைக்குலதான் சொல்லிருக்கேன். நீங்களும் கை தட்டுவீக. சொல்றது ரொம்ப லேசா இருந்துச்சு. இப்பத்தான் தெரியுது, நாக்கு ஒட்டிக்கிடுது." மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "இந்த நிமிசத்துலருந்து நான் மன்றத்துச் செயலாளர் இல்ல. மன்றத்துலயே இல்ல. சட்டம் அப்படியேதான் இருக்கு, யாரும் தொட வேணாம். இது வரைக்கும் எம்பேத்தி பொறுப்பாளர் வீட்டுப் பிள்ளை. இப்ப அவ ஒரு சேவுக்கடைக்காரன் பேத்தி. குடுக்கிறதும் குடுக்காததும் உங்க இஷ்டம். இது தந்திரம்னு நெனைக்கிறவக நெனைச்சுக்கிடுங்க. இந்த மேடைக்கு நான் திரும்பி வர மாட்டேன்."

குழாயில் காற்று மட்டும் ஊதியது.

அய்யாத்துரை பதறிப்போய் எழுந்தார். "யோவ் தவமணி, என்னய்யா இது? நன்றியுரை யாருய்யா சொல்றது?"

"யாராவது சொல்லுவாக. ஏத்துக்கிட்டேன்னு சொல்லுங்க."

"எப்படிய்யா சொல்லுவேன்?"

"சொல்லுங்கண்ணே."

"ஏத்துக்கிட்டேன்" என்று அய்யாத்துரை சொல்லும்போது மைக் வேண்டியிருக்கவில்லை, ஊர் அவ்வளவு அமைதியாக இருந்தது. அடுத்த நொடி பிச்சைமணி தாம்பாளத்தைத் தூக்கிவிட்டார். "பொருளாளர்ங்கிற முறையில சொல்றேன். இன்னைக்குப் பொறந்த ஒத்தப் பிள்ளைக்கு மன்றத்து மோதிரம். மறுக்கிறவன் எவனும் இருந்தா எந்திரிச்சு நில்லு." எவனும் எழுந்திரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த பிச்சைமணி மருமகள்தான் முதலில் கை தட்டினாள்.

கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "அப்ப செல்லக்கனி மதினியச் செயலாளராப் போடுங்கப்பா!"

மதினி பொங்கல் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். "ஏய்யா, என்னையச் செயலாளராக்கிட்டு எம்பேத்தி மோதிரத்தத் திரும்பப் பிடுங்கப் பாக்கிறீகளா? மொதல்ல அதப் போட்டுட்டு வாங்க, மத்தத அப்புறம் பேசுவோம்!"

ஊரே சிரித்தது. அண்ணாச்சி மேடையை விட்டு இறங்கி வந்தார். மதினி அவரைப் பந்தல் காலோரம் நிறுத்தினாள்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டீகளா?"

"கேட்டா வேணாம்ப."

அது உண்மை என்று அவளுக்கும் தெரியும். ஒரு தொன்னையில் பொங்கல் எடுத்து அவர் கையில் திணித்தாள். "ராத்திரிலருந்து பட்டினி. தின்னுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு எங்களுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

மேளம் முன்னே போக, தாம்பாளத்தோடு அய்யாத்துரையும் பிச்சைமணியும் போக, நாங்கள் பின்னால் போனோம். அண்ணாச்சி எல்லோருக்கும் கடைசியாக வந்தார். எத்தனை வருசம் அந்த ஊர்வலத்தின் முன்னால் நடந்த மனிதர்! கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், வெறும் தொன்னையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு நடந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் புதிதாக ஒரு செக்யூரிட்டி அம்மா. வெளியூர்க்காரி போல, காக்கிச் சட்டைக்கு மேல் விசில் தொங்குகிறது. "பிரசவ வார்டு. கூட்டமா விட மாட்டேன். பொறுப்புல இருக்கவங்க மட்டும் போங்க" என்றாள். அய்யாத்துரை தலைவர் என்று சொல்லி உள்ளே போனார். பிச்சைமணி பொருளாளர் என்று சொல்லித் தாம்பாளத்தோடு போனார். அண்ணாச்சி வாசலுக்கு வந்தார்.

"நீங்க என்ன பொறுப்பு?"

வாயைத் திறந்தார். மூடினார். "பொறுப்பு ஒண்ணும் இல்லம்மா."

"அப்ப தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். வேப்பமரத்தடியில் மேளக்காரர்களோடு போய் நின்றார். எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. "இந்தாம்மா, இவுக யாருன்னு தெரியுமா ஒனக்கு?" என்று நான் எகிற, அண்ணாச்சி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "விடு தம்பி. அந்தம்மாவுக்கு அதான் வேலை. சட்டம்னா சட்டந்தான்."

மேளம் அடிக்காதீர்கள் என்று உள்ளேயிருந்து யாரோ அதட்டினார்கள். மேளமும் நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் மதினி வராந்தாவுக்கு ஓடி வந்தாள்.

"அங்க என்ன மரத்தடியில சோலி? உள்ள பிள்ளைக்கு வெரல விரிச்சுப் பிடிக்க ஆளில்ல. எங்கப்பா வராமப் போட வேணாம்னு அவ பிள்ளைய மூடி வச்சுக்கிட்டா. தலைவரு மோதிரத்த வச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு நிக்கிறாரு."

"பொறுப்புல இருக்கவக மட்டுந்தானாம்" என்றார் அண்ணாச்சி, அங்கிருந்தே.

செக்யூரிட்டி அம்மா மதினியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "நீங்க யாரு பெரியவரே?"

மதினி பதில் சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தி அவளை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தார். சட்டைக் காலரைச் சரி செய்தார். எத்தனையோ வருசமாக மைக்கில் நான் கேட்ட குரல், அவ்வளவு சின்னதாக வந்தது.

"நான் அந்தப் பிள்ளைக்குத் தாத்தாம்மா."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா கம்பிக் கதவை அகலமாகத் திறந்துவிட்டாள்.